மண்வெட்டிப் பிடியும் கொல்லரின் கடிதமும்

கொழும்பு ஆக்கவுரிமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை இடது கையாலும் பல்லாலும் பிரித்தேன். என் வலது கை முழங்கையில் மடங்காது.

என்னைத் தவிர வேறு யாரும் செய்து விற்காதபடி நான் ஆக்கவுரிமை கேட்டிருந்தது ஒரு மண்வெட்டிப் பிடிக்கு. நடுவில் வளைந்திருக்கும், தோளில் மாட்ட ஒரு பட்டி இருக்கும். வளைவையும் நீளத்தையும் ஆளுக்கு ஆள் அளந்து செய்தால், ஒரு கையாலேயே வயல் வரம்பு கட்டலாம். ஆனால் கடிதத்தின்படி, வெளிநாட்டில் கோல்ஃப் மட்டைகளை ஆடுபவரின் உடம்புக்கு அளந்து எப்போதோ செய்துவிட்டார்களாம். ஆகவே தொழில் தெரிந்த எவருக்கும் இது தானாகவே தோன்றுமாம், அப்படிப்பட்டதற்கு உரிமை இல்லையாம். அப்படித் தோன்றாது என்றால் அதற்குச் சான்று காட்டச் சொல்லியிருந்தார்கள். கோல்ஃப் மட்டையை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன். ஆடியவர்களுக்கு இரண்டு கையும் நன்றாகவே இருந்தன.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வயல் வேலைக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. இந்தப் பிடியைச் செய்து விற்றுப் பிழைக்கலாம் என்றுதான் இருந்தேன். உரிமை கிடைக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் செய்து விற்பார்கள்.

தொழில் தெரிந்தவர் என்றால், எனக்கு முதல் பிடியைச் செய்துதந்த, பரந்தனில் இருக்கும் கொல்லர்தான். ஆளை நிற்கவைத்து நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, செய்த பிடியில் அந்த நூலையும் பெயர்த்துண்டையும் கட்டிச் சுவரில் தொங்கவிடுவார். எல்லோருக்கும் அளந்துதானே போடுகிறேன், இதிலென்ன புதுமை என்று அவர் சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. என் ஊர் பூநகரியிலிருந்து பஸ்ஸில் போகிற வழியெல்லாம் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"எனக்கே இது தோன்றேல்லையே பிள்ளை. வளைச்சால் முறியும் எண்டு மூண்டு தரம் உம்மைத் திருப்பி அனுப்பினனான்."

அதை அப்படியே எழுதி ஒப்பமிட்டுத் தந்தார். அன்று என்னைப் பார்த்துச் சிரித்ததைக்கூட அதில் மறைக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் சுவரைக் கவனித்தேன். என்னுடையதைப் போலவே வளைந்த பிடிகள் நான்கு தொங்கின. ஒவ்வொன்றிலும் முடிச்சிட்ட நூல், யாரோ ஒருவரின் பெயர்.

"இப்ப கனபேர் கேக்கினம்," என்றார். முகமெல்லாம் பெருமை.

உரிமை கிடைத்தால் அந்த நான்கையும் இறக்கச் சொல்லவும், இனிச் செய்யாமல் தடுக்கவும் என்னால் முடியும். அதற்கான சாட்சியைத் தன் கையாலேயே எழுதித் தந்திருக்கிறார். அது அவருக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு நின்றபோது மறுபடி பயமாக இருந்தது. இந்தத் தரம் கொழும்பை நினைத்தல்ல, என்னை நினைத்து.

அவர் எழுதித் தந்த கடிதத்தைக் கொழும்புக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். உரிமை கிடைத்தால் அந்தப் பிடிகள் என்னாகும் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.