கரண்டு போன நேரத்து ஜெபம்

எங்க வூட்டுக்காரரு பேரு தணிகாசலம். திருத்தணி மலைக்கு வேண்டிகினு பொறந்த புள்ளைன்னு அவங்கம்மா வெச்ச பேரு. ஜெபக்கூடத்துக்குப் போய் ஞானஸ்நானம் எடுத்தப்புறமும் அதை மாத்தமாட்டேன்னுட்டாரு. பேரை மாத்தினா குடிகாரன் மாறிடுவானான்னு கேட்டாரு, பாஸ்டர் ஐயாவும் சிரிச்சிட்டு வுட்டுட்டாரு. நான் இன்னிக்கும் கிருத்திகைக்கு மலையேறுறவ. அதுக்காக எங்க வூட்ல சண்டை வந்ததே இல்ல. வந்த சண்டையெல்லாம் குடியால வந்ததுதான்.

ஆர்.கே.பேட்டை பக்கம் தறிக்காரக் குடும்பம். மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே பவர்லூம் ஷெட்ல நின்னவரு. கைவேலை சுத்தம். ஆனா சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா கை நடுங்க ஆரம்பிச்சிடும். தறிய அப்பிடியே போட்டுட்டு கடைக்குப் போயிடுவாரு. கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்ல வுழுந்து கெடக்கறவரை நானும் என் பொண்ணு தீபாவும் ஆட்டோல போட்டுகினு வந்தது கொஞ்சமா நஞ்சமா? கடைசியா ரத்த வாந்தி எடுத்தாரு, ஆஸ்பத்திரில சேத்தோம். இன்னொரு வாட்டி ஆரம்பிச்சா ஆளு தங்கமாட்டாருன்னு டாக்டரு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு.

அந்த ஆஸ்பத்திரிலதான் கே.ஜி.கண்டிகை பாஸ்டர் ஐயா வந்து பக்கத்துல உக்காந்தாரு. அவரே ஒரு காலத்துல லாரி ஓட்டிகினு, மொடா மொடாவா குடிச்சவரு. பெருசா பிரசங்கம் ஒண்ணும் பண்ணல. நாக்கு எந்த நேரத்துல கேக்குதோ அந்த நேரத்துல ஆண்டவர் கிட்ட பேசு, அழகா பேச வேணாம், வயித்துல இன்னா இருக்குதோ அதைக் கொட்டு, நாளைக்குன்னு கேக்காத, இன்னிக்குப் பொழுதுக்கு மட்டும் கேளுன்னாரு. இவரு அதைக் கெட்டியாப் புடிச்சிகினாரு. ஆறு மணி ஆனா தறி ஓடிகினே இருக்கும், இவரு நின்ன எடத்துல ஜெபம் பண்ணுவாரு. ஆடி போச்சு, தீபாவளி போச்சு, பொங்கலும் போச்சு. மனுசன் ஒரு சொட்டு தொடல. தீபா சிரிக்கறதை நான் அப்பதான் பாத்தேன்.

இதைப் பொறுக்காத பாவி ஒருத்தன் இருந்தான். சந்திரமோகன். இவரோட அக்கா புருசன், இவருக்கு பாவா. அதே ஷெட்ல எதிர்த் தறில நிக்கிறவன். முன்னெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் குடிப்பாங்க. நானும் வாய் நெறைய அண்ணான்னுதான் கூப்புட்டுகினு இருந்தேன். இனிமே அவன் இவன்தான், யாரு இன்னா சொன்னாலும் சரி.

அவன் பொண்ணுக்குக் காது குத்து வெச்சாங்க. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும், இவரு எப்பிடி போகாம இருப்பாரு? புது வேட்டி கட்டிகினு, சீர்த்தட்டு எடுத்துகினு போனோம். குழந்தை வீல்னு கத்துது, இவருக்கு வேர்த்துக் கொட்டுது. குத்தி முடிச்சதும் பாவாக்காரன் ஒரு சில்வர் டம்ளர்ல ஆரஞ்சு கலர் சோடா ஊத்தி எடுத்தாந்து, குடி மாப்ள, தாய்மாமனுக்கு நானே குடுக்கறேன்னான். அத்தினி சொந்தக்காரங்க எதிர்ல, சீர் வெச்ச எடத்துல, பாவா கையால குடுக்கறதை வேணாம்னு தள்ள முடியுமா? இவரு ஒரே மூச்சுல குடிச்சாரு. பாதி கலர், பாதி பிராந்தி. அவன் கைதட்டி, அல்லேலூயா உள்ள எறங்கிடுச்சுன்னு கத்தினான். பந்தலே சிரிச்சுது. என் பொண்ணு மட்டும் அவங்கப்பா மூஞ்சியவே பாத்துகினு நின்னா.

அன்னிக்கு சாயங்காலம் ஆரம்பிச்சவரு திரும்பவும் ஆஸ்பத்திரிலதான் போய் நின்னாரு. பொழைச்சதே பெருசுன்னு, எலும்பும் தோலுமா வூட்டுக்குக் கூட்டியாந்தேன். அருவாமணைய எடுத்துகினு அவன் வூட்டுக்குக் கெளம்பிட்டேன், பொய் சொல்லல. இவருதான் கையப் புடிச்சிகினு, நீ ஒண்ணும் பண்ணாத, நான் ஆண்டவர் கிட்ட சொல்லிக்கறேன்னாரு. எனக்குன்னா பத்திகினு வந்துது.

மறுபடியும் தறிக்குப் போனாரு. கண்ணுல வெச்சிக்கணும்னு நானும் அதே ஷெட்ல நூல் சுத்தப் போனேன். ஆறு மணி ஆனா இவரு வாய் அசையும், கண்ணு செவந்து தண்ணி ஊத்தும். தறிச் சத்தத்துல இன்னா சொல்றாருன்னு ஒண்ணும் கேக்காது. பாவம், ஆண்டவர் கிட்ட உருகறாருன்னு நெனச்சிகினேன்.

ஒருநாள் கரெக்டா அந்த நேரத்துல கரண்டு போச்சு. அத்தினி தறியும் ஒரேடியா நின்னுச்சு. இவரு கண்ண மூடிகினு இருந்தாரா, வாய நிறுத்த வரல. ஷெட் முழுக்க இவரு குரல் ஒண்ணுதான்.

"அந்த சந்திரமோகன் கைய முடக்கு ஆண்டவரே. அவன் நாக்கு அழுகிப் போவணும். அவன் பொண்டாட்டி புள்ளைங்க எதிர்லயே அவன் வுழுந்து கெடக்கணும்."

எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ சந்தோசம். இத்தினி நாளா இதைத்தான் கேட்டுகினு இருந்தியாய்யா, என் ராசான்னு இருந்துச்சு.

பாவாக்காரன் சிரிச்சான். இடுப்புல இருந்து குவாட்டர் பாட்டில எடுத்து, மூடியத் தொறந்து, இவரு நெய்ஞ்ச துணி மேலயே வெச்சான். "இதுக்குப் பேரு ஜெபமாடா? இதுக்கு நீ குடிச்சே சாவலாம்"னான்.

வாசனை என் வரைக்கும் வந்துச்சு. இவரு கை தானா அந்தப் பக்கம் நவுருது. அந்தக் கை பாட்டில தொட்டுச்சுன்னா தீபாவுக்கு அப்பன் கெடையாது. நான் கையில கெடைச்ச இரும்புக் கம்பிய எடுத்துகினேன், அவன் மண்டைக்குத்தான்.

இவரு அந்தக் கைய இழுத்து இன்னொரு கையால இறுக்கிப் புடிச்சிகினாரு. கண்ண மூடல. பாவா மூஞ்சியப் பாத்துகினே பேசினாரு.

"ஆண்டவரே, கேட்டதை மாத்திக்கறேன். பாவா கைய முடக்காத. பாவாவுக்கு நூறு வயசு குடு, கண்ணு நல்லா தெரியட்டும். தெனம் சாயங்காலம் இவரு என் எதிர்ல நின்னு, நான் குடிக்காம இருக்கறதைப் பாத்துகினே இருக்கணும். இன்னிக்குப் பொழுதுக்கு என்னைக் காப்பாத்து."

ஷெட்ல ஒருத்தரும் சிரிக்கல. பாவாக்காரன் பாட்டில எடுத்து, தண்ணி கலக்காம தானே மடமடன்னு குடிச்சான். கை நடுங்கி சட்டையெல்லாம் ஊத்திகினான். அப்புறம் கரண்டு வந்துச்சு. இவரு தறிய ஓட்ட ஆரம்பிச்சாரு. நானும் கம்பிய கீழ போட்டுட்டு நூல் சுத்தப் போனேன்.

பாஸ்டர் ஐயா கிட்ட ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் சொன்னாரு. ஐயா கேட்டுட்டு, எதிராளிக்கு ஆயுசு கேட்டது நல்லதுதான், எதுக்குக் கேட்டன்னு ஆண்டவருக்குத் தெரியும், தெனம் கேளு, அவரு உன்னைத் திருத்திக்குவாருன்னாரு. திருத்தட்டும், அவசரம் ஒண்ணும் இல்ல.

பாவாக்காரன் அடுத்த தெரு ஷெட்டுக்கு மாறிப் போனான். இவரும் போய் அங்கியே அவனுக்கு எதிர்த் தறியக் கேட்டு வாங்கிகினாரு. நூல் சுத்த நானும் போறேன். இப்பல்லாம் ஆறு மணிக்கு இவரு தன் தறிய நிறுத்திட்டு அவன் கிட்டப் போய் நின்னு, காதுல வுழற மாதிரி ஜெபிக்கிறாரு. வாய் நாறல, கை நடுங்கல. அவனுக்குத்தான் நடுங்குது. கடைசில ஆமென் சொல்றது நான். மலைக்குப் போறவ ஆமென் சொல்லலாமான்னு அவன் பொண்டாட்டி, என் நாத்தனார் வந்து சண்டைக்கு நின்னாங்க. உங்க வூட்டுக்காரரு நூறு வயசு இருக்கட்டும்னுதானே அண்ணி சொல்றேன், கசக்குதான்னு கேட்டேன்.