தெருவில் வைத்துக் கேட்ட கேள்வி

கொரோனா காலத்தில் தேசிய காசநோய்க் கணக்கெடுப்புக்காக, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போனேன். முகக்கவசத்தோடு தள்ளி நின்றதால், நடவு வேலைக்குப் போகும் செல்வியிடம் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்குங்களா?"

அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் செல்வி. இருமலை அடக்கியதில் அவர் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. அதைப் பார்த்தும், இன்னும் பல வீடுகள் பாக்கி என்ற அவசரத்தில் 'அறிகுறி இல்லை' என்று குறித்துக்கொண்டு நகர்ந்தேன்.

ஏழு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது செல்வி உயிரோடு இல்லை. காசநோய் முற்றிவிட்டதாம். அவர் கணவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"கொரோனான்னு சொல்லி நடவுக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு பயந்துட்டா அவ. நீங்க தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்" என்றார்.

இப்போது யாரையும் தெருவில் நிறுத்திக் கேட்பதில்லை. கொல்லைப்பக்கம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் கேட்கிறேன். போன மாதம் ஒரு பெண் அப்படித்தான் உண்மையைச் சொன்னார். அன்றே சளி எடுத்து அனுப்பினோம். மருந்தில் தேறி வருகிறார். தனியாக அழைத்துக் கேட்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை; செல்விக்கு அந்த இரண்டு நிமிடத்தை நான் ஒதுக்கவில்லை.

- ஒரு களப்பணியாளர், தஞ்சாவூர்