ஹனிபா நானா செய்யாத வேலை

பாதிக் கன்னம் மழித்து முடிந்திருந்தபோதுதான் சலூன் முத்தையா சொன்னான்: "சேர், நம்ம பெட் சுவிட்ச் நானா மவுத்தாயிட்டாராம். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்."

நான் சிரித்துவிட்டேன். 'மவுத்' என்ற சாவுச் செய்தி காதில் ஏறுமுன் 'பெட் சுவிட்ச்' ஏறிவிட்டது; பழக்கதோஷத்தில் வாய் இளித்துக்கொண்டது. கண்ணாடியில் பாதி நுரையும் பாதி இளிப்புமாக ஒரு முகம். முத்தையாவின் மற்ற வாடிக்கைக்காரர்களையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கண்ணாடி இவ்வளவு அருவருப்பான ஒன்றைக் கண்டிருக்காது.

பலாபத்வலையில் வாகன வயரிங் கடை வைத்திருந்த ஹனிபா நானாவை அறிந்த உங்களுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதையும் தெரியும். கல்யாண வீடு கல்யாண வீடாகச் சொல்லித் திரிந்தவன் நான்தானே! இப்போது உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தரகர் பழைய ஜப்பான் கார் ஒன்றை என் தலையில் கட்டினார். டிரைவர் சீட்டில் ஒரு பொத்தான். ஒரு பக்கம் அழுத்தினால் சாய்மானம் புடைத்து இடுப்புக்கு முட்டுக் கொடுக்கும்; மறுபக்கம் அழுத்தினால் உள்வாங்கும். வந்தவன் போனவனையெல்லாம் உட்காரவைத்து முட்டவிட்டேன். ஒரு நாள் புடைத்தது புடைத்தபடியே நின்றுவிட்டது. சேவல் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினேன். மாஸ்டருக்குத் திமிர் கூடிவிட்டது என்றார்கள். அது முன்பே கூடியிருந்தது.

நானா சீட்டில் காதை வைத்து, பொத்தானை அழுத்தச் சொன்னார். "மொதல்ல சத்தம் கேக்கணும் மாஸ்டர். சத்தம் வந்து அசையலன்னா உள்ளுக்க என்னமோ ஒடஞ்சீக்கி. சத்தமே இல்லன்னா கரண்ட் வரல்ல." சத்தம் இல்லை. ஃபியூஸும் நன்றாக இருந்தது. "சீட்டக் கழட்டிப் பாக்கணும். நாளைக்கி வண்டிய உட்டுட்டுப் போங்க."

மறுநாள் பல்லேபொலவில் கல்யாணம். சகலன் வருவான், அவனுக்குச் சீட்டைக் காட்டியாக வேண்டும். ஓ/எல் பரீட்சைப் பிள்ளைகளுக்கு மின்சுற்று படிப்பிக்கிற எனக்கு நானா எதற்கு? கட்டில் தலைமாட்டில் தொங்கிய பெட் சுவிட்சை வயரோடு அறுத்தெடுத்தேன். சீட்டின் முதுகைக் கிழித்து, மோட்டருக்கும் பேட்டரிக்கும் நேரே முடிச்சுப் போட்டேன். டேப் இல்லாததால் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரைச் சுற்றினேன். சீட்டு உள்வாங்கியது; வயரை மாற்றிப் பிடித்து, சகலனுக்காகப் புடைக்கத் தயாராக விட்டேன். மறுபடி உள்வாங்க வேண்டுமானால் இறங்கிப்போய் பேட்டரியில் வயரை மாற்றிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் பலாபத்வல சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய், சீட்டோரம் தொங்கிய சுவிட்சைக் கண்டான். வயரைப் பார்வையால் தொடர்ந்தான். அது சீட்டின் வயிற்றுக்குள் போயிற்று. குண்டு என்று ஒரே கத்தல். எல்லோரும் மணல்மூட்டைக்குப் பின்னால் ஓடினார்கள். நான் பட்டு வேட்டியோடு தார் ரோட்டில் முழங்காலில் நின்றேன். ஜீப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யுத்தம் நடந்த அந்த நாட்களில் நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "யார் இந்த வயரைப் பூட்டியது?" என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி. மாத்தளை முழுக்கக் கதை அளக்கிற என் வாயிலிருந்து, மெக்கானிக்குக்கான சிங்கள மரியாதையோடு, இரண்டே சொல் வந்தது: "ஹனிபா பாஸ்."

கூப்பிடு தூரத்துக் கடையிலிருந்து, சாரனும் பாதிப் பொத்தான் போட்ட சட்டையுமாக அவரை இழுத்துவந்தார்கள். பிளாஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரு தலையாட்டல் போதும், அவர் தப்பியிருப்பார்.

"ஆமா சேர், நான் செஞ்ச வேலைதான்."

யாரும் சொல்லாமலே சீட்டில் போய் உட்கார்ந்து சுவிட்சை அழுத்தினார். உர்ரென்று மோட்டர் ஓடி, அவர் தொந்தியை ஸ்டியரிங்கில் கொண்டுபோய் முட்டியது. அதிகாரி எட்டிப் பார்த்து, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் "சீ! இதுவும் ஒரு வேலையா?" என்று காறித் துப்பினார். நானா தலையைக் குனிந்துகொண்டார். என்னை விட்டார்கள்.

பின்னேரம் நானா சீட்டைக் கழற்றியதும் குடலைப் புரட்டும் நாற்றம். உப்பும் கொறுக்காப் புளியும் போட்டு ஊறவைத்த ஜாடி மீன் போத்தலொன்றை என்றோ சீட்டுக்கடியில் தள்ளி மறந்திருந்தேன். அது கசிந்து, வயர் பிளக் பச்சையாய்ப் பூத்து, மேலே புழு நெளிந்தது. ஒரு மாதமாக அந்த நாற்றத்துக்கு மைத்துனனைச் சந்தேகித்திருந்தேன். "இனி சீட்டு வேலன்னு வந்தா, அடியில என்ன வச்சீக்கிறீங்கன்னுதான் மொதல்ல கேக்கணும். ஃபியூஸ் பொறகு," என்றார். பிளக்கைச் சுரண்டித் துடைத்து மாட்டினார். சீட்டு அடக்கமாக உள்வாங்கியது.

"ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?"

"இல்லன்னா உங்கள உடுவானுகளா? அது பரவால்ல. ஆனா மாஸ்டர், அந்தப் பிளாஸ்டர நான் ஒட்டினேன்னு சொல்லத்தான் நாக்குக் கூசிச்சி."

அதன்பின் நான் செய்ததுதான் அந்த மீனைவிட நாறுவது. உண்மை வெளிவருமுன் முந்திக்கொண்டு, 'பெட் சுவிட்ச் நானா' என்று கதை கட்டிச் சிரிக்கவைத்தேன். வேன்காரர்கள் டவுன் கடைகளுக்கு மாறினார்கள். நானா யாரிடமும் மறுக்கவில்லை. என்னைக் கண்டால், "மாஸ்டர், இடுப்பு எப்பிடி?" என்பார்.

அடக்கத்தன்று மையவாடி வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர் பெயர்க்காரணம் கேட்டார். "சேர் சொன்னாத்தாங்க ருசி," என்றான் முத்தையா. தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அங்கேயும் பொய்.

அந்தச் சுவிட்சை, "பாடத்துக்கு ஒதவும், வச்சிக்கங்க," என்று நானா என் கையில் தந்திருந்தார். மூன்று வருஷமாக அலுமாரியில் ஒளித்திருந்தேன். அவர் தந்ததாக என்னிடம் மிஞ்சியிருப்பது அதுவும் அவர் சொன்ன ஒரு வரியும்தான். மின்சுற்றுப் பாடம் வரும்போது மேசைமேல் வைப்பேன். பிள்ளைகள் பிளாஸ்டரைப் பார்த்துச் சிரித்து, யார் செய்தது என்று கேட்பார்கள். அப்போது அந்த வரியைச் சொல்வேன்: நான் செய்த வேலைதான்.