குவைத் மணியில் ஓடிய வீடு

பிரசாந்த் அண்ணன் குவைத்துக்குப் புறப்பட்டது ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை. விமானம் மறுநாள் விடியற்காலையில்தான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்பதால் பதினொன்றரைக்கே வீட்டை விட்டு இறங்கி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தானாம். இதை எனக்குச் சொன்னது அண்ணி சுமலதா. நான் அப்போது ஊரில் இல்லை. மூன்று வருஷம் மணாலி, போக்ரா, கோவா என்று விடுதிகளில் வேலை பார்த்தபடி சுற்றிவிட்டு, அவன் போன பதினைந்தாம் நாள்தான் செஞ்சிக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த அன்று கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. மதியம் இரண்டே கால் மணி. பக்கத்து வீட்டு மெஹர் பானு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஷோபனாவா? உக்காரும்மா. உங்க அண்ணி டூட்டியில இருக்கறா. இன்னும் கால் மணி நேரம் ஆவும்."

"எங்க டூட்டி?"

"எங்கியும் இல்ல. உள்ளதான்."

சரியாக இரண்டரைக்குக் கதவு திறந்தது. கழுத்தில் பட்டுநூல் சரங்களோடு அண்ணி நின்றார். "வந்துட்டியா, வா. சாப்டியா? எனக்கு இப்பதான் பிரேக்."

புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது.

அண்ணி செஞ்சியில் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருஷம் சேலை மடித்தவர். அங்கேயே, முந்தானை நூலை முடிந்து குஞ்சம் கட்டக் கற்றுக்கொண்டார். அண்ணன் கிளம்பிய மாதம் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே குஞ்சம் கட்டுவதாகச் சொன்னார். கடை முதலாளி சிரித்துக்கொண்டே, "தை வரைக்கும் உன் எடத்துக்கு ஆள் போடமாட்டேன், வந்துடு" என்றாராம். அந்தச் சிரிப்பைத்தான் அண்ணியால் மறக்க முடியவில்லை. தை பிறப்பதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய்த் திரும்ப நிற்க வேண்டும்.

முதல் பத்து நாள் ஒரு சேலைகூட முடியவில்லை. காலையில் நோட்டில் வேலைகளை எழுதுவார். சிலிண்டர் வாங்கி வைப்பது பக்கத்து வீட்டுக்கு, ரேஷனில் கைரேகை எதிர் வீட்டுப் பாட்டியோடு, யாரோ ஒருவரின் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வது. கேட்பவர் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "வீட்லதான இருக்க." மாலையில் எல்லாம் அடிக்கப்பட்டிருக்கும், 'சேலை' என்ற வரியைத் தவிர.

அப்போதுதான் அவர் அந்த முடிவை எடுத்தார். பின்கட்டு அறைச் சுவர்க் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார். அது குவைத் மணி. அண்ணனுக்கு அங்கே காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை டூட்டி, நடுவில் பன்னிரண்டுக்கு ஒரு மணி நேரம் பிரேக். அண்ணிக்கும் அதே. அண்ணன் போனை லாக்கரில் வைத்தால் அண்ணி அரிசி டிரம்மில் வைப்பார். பிரேக்கில் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். மற்ற நேரத்தில் யார் தட்டினாலும் கதவு திறக்காது.

"வூட்டுக்குள்ளவே டூட்டின்னா யூனிஃபாரம் உண்டா?" என்று மெஹர் பானு அக்கா கேலி செய்வார்.

"நைட்டிதான் யூனிஃபாரம்," என்பார் அண்ணி, சிரிக்காமல்.

"ஏன் அண்ணி, ஒன்பதரைக்குக் கதவச் சாத்தறேன்னு நம்ம மணியிலயே வெச்சா போதாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்ம மணின்னா அது எல்லாருக்கும் சொந்தம். யார் வேணா வந்து எடுத்துக்குவாங்க. இது எனக்கும் அவருக்கும் மட்டும்."

நான் தூங்குவதும் எழுவதும் எந்த ஊர் மணியில் என்று எனக்கே தெரியாத நாட்கள் அவை.

கார்த்திகையில் பெரிய வேலை ஒன்று வந்தது. வல்லத்திலிருந்து ரஞ்சிதம் அம்மா, மகளின் முகூர்த்தச் சேலையைக் கொண்டுவந்தார். இரண்டு அங்குலக் குஞ்சம், ஒவ்வொன்றிலும் முத்து. அது பிடித்தால் இன்னும் நான்கு சேலை தருவதாகச் சொன்னார். "வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்ன சேலை வூட்ட வுட்டு வெளிய வந்துடணும். நேரா குலதெய்வம் கோயிலுக்குக் கொண்டுபோறேன்." வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு. அண்ணி அதைக் குவைத் மணிக்கு மாற்றி நோட்டில் 'எட்டுக்குள்' என்று எழுதிக்கொண்டார்.

வியாழன் மாலை அண்ணி முத்து வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது கடிகாரம் நின்றிருப்பதைப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்திருந்தது. புதிதாகப் போட்டேன். எத்தனையோ விடுதிகளில் செய்த வேலை, கை தானாகச் செய்தது: போனைப் பார்த்து மணியைச் சரியாக வைத்தேன். சரியாக, அதாவது நம்ம ஊர் மணிக்கு. போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததே தெரியவில்லை. அப்படி ஒரு மூட்டம். கோட்டை நிற்கும் ராஜகிரி மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அண்ணி குழாயில் தண்ணீர் பிடித்து, உலை வைத்து, குளித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போயிருக்கிறார். கடிகாரத்தில் ஏழு ஐந்து. அவர் கணக்கில் ஒன்பது முப்பத்தைந்து. போனை டிரம்மில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டரை மணி நேரம் காணாமல் போனதை எப்படி நம்பினார் என்று பிறகு கேட்டேன். "டெய்லி அப்படித்தான போவுது. ரெண்டு குடம் தண்ணி புடிச்சு நிமிந்தா பத்து மணி. எனக்கு இன்னா சந்தேகம் வரும்?"

ஒரு மணி நேரம்கூட இல்லை என்று எண்ணி, கடைசி ஒரு சாண் அளவுக்கு முத்து கோக்காமலேயே முடிந்திருக்கிறார். நுனிகளைச் சமமாக வெட்டும் அவசரத்தில் மூன்று குஞ்சம் குட்டையாகிவிட்டது. எட்டு அடித்ததும் ராகுகாலம் வந்துவிட்டது, ரஞ்சிதம் அம்மா வரவில்லை, எல்லாம் போயிற்று என்று நினைத்து அழுதார். அந்தச் சத்தத்தில்தான் எழுந்தேன்.

நான் போனபோது டிரம்மிலிருந்து எடுத்த போனை அண்ணி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலும் எட்டு மூன்று.

"இதுவும் குவைத்துக்குப் போயிடுச்சா?" என்றார்.

எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. அதற்குள் அவர் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் இரைச்சல்.

"இந்நேரத்துல ஏன்டி?" குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அங்க மணி இன்னா?"

"அஞ்சு முப்பத்திமூணு."

"காலைலயா?"

"காலைலதான். இன்னா ஆச்சு உனக்கு?"

"அது இன்னா சத்தம்?"

"ரூம்ல ஏசி. வைக்கறேன்."

அண்ணி விரல் விட்டு எண்ணினார். ஐந்தரை, கூட்டினால் எட்டு. மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பேட்டரி போட்டேன், அண்ணி."

"போட்டது சரி. மணிய யாரு வெக்கச் சொன்னது?"

திட்டுவதற்குக்கூட அவருக்கு நேரமில்லை. இல்லை, நேரம் இருந்தது. பத்தரைக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். முடிச்சுகளைப் பிரித்து முத்து கோத்தார். நான் முத்துகளை எண்ணிக் கொடுத்தேன். வெட்டியதை மட்டும் ஒட்ட முடியாது. மூன்றுக்குச் சமமாக மற்ற எல்லாவற்றையும் வெட்டினோம். இரண்டு அங்குலம் ஒன்றேகால் ஆனது.

பத்து மணிக்கு ரஞ்சிதம் அம்மா வந்தார். முந்தானையை விரல்மேல் போட்டுப் பார்த்தார். "நீ காட்டுன போட்டோல நீளமா இருந்துதே."

நான் கடிகாரக் கதையைச் சொன்னேன். ரஞ்சிதம் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செஞ்சியில இருந்துக்கினு குவைத் மணி. உங்கள நம்பி முகூர்த்தச் சேலைய குடுத்தேன் பாரு." பையில் வைத்துக்கொண்டார். ராகுகாலம் வருகிறதே என்று வேறெதுவும் சொல்லாமல் படியிறங்கினார்.

அன்றே அண்ணி கடிகாரத்தைத் திரும்பக் குவைத்துக்குத் தள்ளினார். மார்கழி முழுக்க வேலை குறைவு. முதலாளியிடம் போவதா வேண்டாமா என்று நாளுக்கு ஒரு பதில் சொன்னார். தை பிறக்க நான்கு நாள் இருக்கும்போது ரஞ்சிதம் அம்மா வந்தார். நான்கு சேலை அல்ல, இரண்டு. "குட்டையாவே கட்டு. பொண்ணுக்குக் கால்ல மாட்டல, நல்லாத்தான் இருக்குதாம்." அண்ணி கடைக்குப் போகவில்லை. அந்த இரண்டை வைத்துக்கொண்டு இன்னொரு மாதம் பார்க்கலாம் என்றார். அந்த மாதம் முடிந்ததும் இன்னொன்று. டூட்டி மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

சித்திரையில் ஒரு மதியம், பிரேக்கில் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. அண்ணி இரண்டு முறை படித்துவிட்டு, சுவரைப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"சுமா, ஐப்பசியில இருந்து எனக்கு நைட் டூட்டி. சாயங்காலம் ஆறு டு காலைல ஆறு. டெய்லி பன்னெண்டு மணிக்கு அலாரம் வச்சு எழுந்துதான் உன்னாண்ட பேசுனேன். சொன்னா நீ கடிகாரத்த மாத்திடுவ, உன் வேலை கெட்டுடும்னு சொல்லல. நாளையில இருந்து மறுபடியும் பகல். நீ எதையும் மாத்தாத."