கசக்காத நிலவேம்பு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நானும் வாயால்தான் கெட்டேன். கும்மிடிப்பூண்டியில் மூலிகைச் சாறு எடுக்கும் கம்பெனி ஒன்றில், வந்து இறங்கும் இலையில் கசப்புச் சத்து தேவையான அளவு இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதோடு சும்மா இருந்திருக்கலாம். கடம்பத்தூர் பக்கம் நெல் போட்டுக்கொண்டிருந்த என் அப்பாவிடம், "நைனா, இந்த வாட்டி கொல்லையில நிலவேம்பு போடு. எங்க கம்பெனியே எடுத்துக்கும்" என்று சொல்லிவைத்தேன்.

மனிதர் அதைச் செடியாகவா பார்த்தார்? மகள் சொன்ன பயிர் ஆயிற்றே! நெல்லுக்குப் பாய்ச்சுவதுபோலத் தண்ணீர், மூட்டை மூட்டையாக யூரியா. ஒரு புல் தலைகாட்டினால் அன்றைக்கே பிடுங்கிவிடுவார். செடி பச்சைப் பசேலென்று நின்றது. போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "எம் பொண்ணு கம்பெனிக்குப் போவுது" என்று காட்டினார். அவரைப் பார்த்து நிலவேம்பு போட்ட பக்கத்துக் கொல்லைக்காரரோ விதைத்ததோடு சரி. தண்ணீரும் காட்டவில்லை, களையும் எடுக்கவில்லை. "செடியப் பட்னி போட்டுக் கொல்றான் பாவி" என்று அப்பா அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டு பேர் இலையும் ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்தன. பக்கத்துக்காரர் இலை தேறிவிட்டது. அப்பாவின் இலை தேறவில்லை. நம்பாமல் மூன்று முறை சோதித்தேன். மெஷினுக்கு என் அப்பாவைத் தெரியாதே!

படித்த படிப்பு அப்போதுதான் சாவகாசமாக ஞாபகத்துக்கு வந்தது. கசப்பு என்பது செடி நமக்காகக் காய்ச்சும் கஷாயம் இல்லை. பூச்சி கடித்தால், தாகம் எடுத்தால், தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது. கொஞ்சம் எப்போதும் செய்யும். ஆபத்து என்றால்தான் அதற்கான மரபணுக்கள் முழுமூச்சாக இறங்கும். அவை சொல்லி நொதிகள் உருவாகும். ஒரு நொதி முடித்ததை அடுத்த நொதி வாங்கி, கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் கசப்பாக்கும். எதிரியே இல்லாத செடிக்கு என்ன தலையெழுத்து, இத்தனை பாடுபட? ஜோராக இலை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

"இது உங்க அப்பா அனுப்பின சரக்காமே? வேணும்னா வேற ஆளு கையெழுத்து போடட்டும்மா" என்றார் மேலாளர், கரிசனமாக. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நானே போடறேன் சார்" என்று 'ரிஜெக்ட்' எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய நியாயஸ்தி! பஸ் பிடித்து வீடு வந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா கொல்லைக்குப் போய் அறுத்தது போக நின்ற செடியில் ஓர் இலையைப் பறித்து மென்றுகொண்டே வந்தார்.

"இன்னாம்மா கசக்கலன்றே? தொண்ட வரைக்கும் கசக்குதே!"

"பத்தாது நைனா. கஷ்டப்பட்டாத்தான் அது நல்லா கசக்கும். நீ ரொம்ப நல்லா பாத்துக்கினே. அதான் இப்டி ஆயிப்போச்சு."

ஜீன், நொதி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சாப்பிட உட்கார்ந்தபிறகுதான் கேட்டார்:

"வேணாம்னு கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தான்."

சோறு பிசைந்த கை நின்றது.

"உன்னயும் அப்டித்தானே வளத்தேன்? ஒரு கொறயும் வெக்கலியே. நீ மட்டும் எப்டிம்மா இவ்ளோ கசக்கறே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.