நான் பறித்துக்கொண்ட படநோட்டு

காரவள்ளியிலிருந்து மலையேறி வந்த தபால்காரர் நேற்று ஒரு கடிதம் கொடுத்தார். கடற்படை அதிகாரி அந்தோணிராஜ் கப்பலிலேயே காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி எழுதியிருந்தார். முத்திரையைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், யாராவது விளையாடுகிறார்களா என்றுகூட யோசித்தேன். செம்மேட்டில் மணியக்காரனாக இருந்து இருந்து, எதையும் சட்டென்று நம்பாதது எனக்குப் பழகிவிட்டது. அந்தக் குணத்தால் அவருக்கு நான் செய்த தீங்கைச் சொல்லாமல் அஞ்சலி செலுத்த எனக்கு யோக்கியதை இல்லை.

போர் மும்முரமாக நடந்தபோது, காயம் ஆறுவதற்காக விடுப்பில் அவர் எங்கள் மலைக்கு வந்தார். பகலெல்லாம் பாறைமேல் உட்கார்ந்து நோட்டில் வரைவார்; யாராவது நெருங்கினால் மூடிவிடுவார். மலையிலேயே உள்ள குண்டூர் நாட்டு விவசாயி ஒருவர் என்னிடம் ஓடி வந்தார்.

"ஏனுங்க, அந்த ஆளு நம்ம மலைய வரையிறாருங்க. சப்பான்காரனுக்குக் குடுக்கத்தானுங்களா?"

எனக்கும் அதே எண்ணம். அதிகாரி காட்டிய விடுப்புச் சீட்டை நம்பவில்லை. சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே. நோட்டைப் பறித்துக்கொண்டேன். அதில் மலை இல்லை. எட்டு இளைஞர்களின் முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். பத்தொன்பது, இருபத்திரண்டு, பதினெட்டு. சங்கேதம்தான் என்று முடிவு கட்டினேன். மூன்று நாள் வெயிலில் பிடித்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புருவம், மச்சம், காது மடல் எதையும் விடவில்லை. பிறகு மலைக்குக் கீழே இருந்த மேலதிகாரிக்கு அனுப்பினேன்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர் உண்மையான அதிகாரிதானாம்; நோட்டு தொலைந்துவிட்டதாம்.

தயங்கித் தயங்கி அந்தோணிராஜிடம் போய்ச் சொன்னேன்.

"அந்த எண் அவங்க வயசு, மணியக்காரரே. என்கூடக் கப்பல்ல இருந்த பசங்க. ஓய்வு நேரத்துல உட்கார வச்சு வரைஞ்சேன். குண்டு விழுந்து எட்டுப் பேரும் போயிட்டாங்க. வீட்டுல ஒரு போட்டோகூடக் கிடையாது. கொண்டுபோய்க் குடுக்கணும்னு இங்க திருத்திட்டிருந்தேன்."

கூனிக் குறுகிப் போனேன். "மறுபடி வரைய ஆகாதுங்களா?"

"கண்ண மூடினா, குண்டு விழுந்த அன்னைக்கு இருந்த முகந்தான் வருது."

"மூணாவது பையனுக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பென்சிலை எடுத்தார்.

அன்று முதல் நான் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார். "உதடு இன்னுங் கொஞ்சம் தடிப்புங்க", "காது இத்தன பெருசு இல்லீங்க" என்று நானும் விடாமல் திருத்தினேன். விடுப்பு முடிவதற்குள் எட்டு முகமும் வந்துவிட்டன.

"நான் பிரியமாப் பார்த்தேன், நீங்க சந்தேகப்பட்டுப் பார்த்தீங்க. உங்க பார்வைதான் உதவுச்சு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

எட்டு வீட்டிலும் கொடுத்துவிட்டதாகவும், தாய்மார்கள் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டதாகவும் பிறகு எழுதினார். என் மனம் ஆறட்டும் என்று சொன்ன பொய்யோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அத்தனை பேரையும் வரைந்தவர் தம்மை வரைந்துகொள்ளவே இல்லை. ஒற்றர் என்று நினைத்து வேவு பார்த்த நாட்களில் அவர் முகத்தையும் நான் அணு அணுவாகப் பார்த்திருக்கிறேன். தாடைத் தழும்பு, வலது கண்ணோரச் சுருக்கம், சற்றே கோணிய மூக்கு, எதுவும் மறக்கவில்லை. போய் வாருங்கள், ஐயா. சொல்ல நான் இருக்கிறேன். கேட்டு வரைய நீங்கள் இல்லை.