வளைவுக்கு அப்பால் போன ஜீப்

போன வருஷம் ஐப்பசியில், துலா மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவனந்தபுரம் வலியசாலையிலிருந்து நானும் மனைவியும் ஐந்து வயது மகளும் ஜீப்பில் கிளம்பினோம். விதுரா தாண்டி, பழைய தேயிலை எஸ்டேட்டுக்குப் போகும் காட்டுச் சாலையில் ஏறிப் பார்க்க ஆசை. ஃபோர் வீல் டிரைவ் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஓட்டும் வித்தையெல்லாம் வீடியோ பார்த்துக் கற்றது.

தார் போய் வருஷக்கணக்காகியிருந்த ஓர் ஏற்றத்தில் வண்டி சேற்றில் புதைந்துவிட்டது. ஃபோனில் ரேஞ்ச் இல்லை. வழியோரம் யானை லத்தி காயாமல் கிடந்தது.

அப்போதுதான் கையில் வெட்டுக்கத்தியோடு ஒருவர் புதருக்குள்ளிருந்து வந்தார். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவராம். அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாமே! கிளைகளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். என் கண் அந்தக் கத்தியை விட்டு நகரவில்லை.

"சாரே, எல்லாரும் இறங்கி நில்லுங்க. ஆள் இருந்தா வண்டி கேறாது. சாவியத் தாங்க, நான் கேத்தித் தாரேன்" என்றார்.

"ஏன்னா, குடுத்துடாதேங்கோ" என்று மனைவி கிசுகிசுத்தாள். எனக்கும் அதே பயம்தான். வேறு வழியில்லாமல் கொடுத்தேன். ஏறுமுன் அவர் தன் ஃபோனை என் கையில் திணித்தார். சேறு பட்டுவிடும் என்று கொடுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. ஏறியதும் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. வளைவில் திரும்பி மறைந்தது. சற்று நேரத்தில் சத்தமும் நின்றுபோனது.

யானைக்காட்டில் குழந்தையோடு நிற்கிறோம். விரிசல் விட்ட பழைய ஃபோனைக் கொடுத்துவிட்டு ஜீப்பை அடித்துக்கொண்டு போய்விட்டானே என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

வளைவுக்கு அப்பால், பாறைத் தரையில் ஜீப் நின்றது. அவர் குச்சியால் சக்கரத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நடுவுல நிறுத்துனா பின்னயும் தாழும். அதான் பாறை வரைக்கும் கொண்டுவந்தேன்" என்றவர், ஃபோனுக்காகக் கை நீட்டினார். "சாருக்கு என்னப் பாத்து பேடி, பயம் உண்டுல்லா? என் சாதனம் ஒண்ணு கையில இருந்தா சமாதானமா இருக்கும்னு தந்தேன்."

ஃபோனை அவர் கையில் வைத்தேன்.

மேலே போகும் ஆசையும் போய்விட்டது. திரும்பும்போது அந்தச் சேற்றில் அவர்தான் வண்டியை இறக்கித் தந்தார். அப்போதும் மறக்காமல் ஃபோனை நீட்டினார். வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

நான் அவர் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்திருக்கிறார் என்ற வெட்கம், இன்றும் முன்பின் தெரியாத ஒருவரை நான் சந்தேகத்தோடு பார்க்கும்போதெல்லாம் முந்திக்கொண்டு வருகிறது.